கீமோ எடுக்கும் பெண்ணைக் கவனிப்பது: உடம்புக்கும் மனசுக்கும் ஒரே நோட்டு

புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் பெண் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் படுத்துவிட்டால் வீட்டில் இரண்டு கட்சி கிளம்பும். "மனசு விட்டுட்டா" என்பது ஒன்று. "எல்லாம் மருந்து பண்ற வேலை" என்பது மற்றொன்று. இரண்டும் அடிக்கடி தவறாகப் போகின்றன. மனசு விட்டதாக நினைத்தது ஹீமோகுளோபின் குறைந்ததாலோ தைராய்டு மந்தமானதாலோ வந்த சோர்வாக இருக்கும். மருந்தின் அசதி என்று விட்டுவிட்டதோ சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கும். பிரித்தறிய எளிய வழி, நாள்வாரியாக எழுதி வைப்பதுதான்.

மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்படும் ஒரு கீமோ முறையை வைத்து இதை எழுதுகிறோம். டாக்சோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் 21 நாளுக்கு ஒரு முறை, 4 தடவை. அதன்பின் பாக்ளிடாக்சல் வாரம் ஒன்றாக 12 தடவை. மருந்து வேறானால் நாள்கணக்கு மாறும், கவனிக்கும் முறை பெரிதாக மாறாது.

முதல் வேலை: நோட்டு

100 பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் அவர் பெயர், வயது, இரத்த வகை, நோயின் பெயர், கீமோ மருந்துகளின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மாத்திரைகள், மருத்துவமனையின் அவசர எண். இரவு 2 மணிக்குக் காய்ச்சலோடு ஊரில் உள்ள வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது, அங்கிருக்கும் டூட்டி டாக்டருக்கு இந்தப் பக்கம் ஒன்றே போதும்.

அடுத்த பக்கத்திலிருந்து நாளுக்கு ஒரு வரி: காலை, மாலை காய்ச்சல் அளவு, என்ன சாப்பிட்டார், மலம் கழித்தாரா, எத்தனை மணிநேரம் தூக்கம், எத்தனை நிமிடம் நடை. வரியின் கடைசியில் மனசுக்கு ஒரு எண். 0 என்றால் ஒரு பாரமும் இல்லை, 10 என்றால் தாங்கவே முடியவில்லை. இது நாமாகக் கண்டுபிடித்ததில்லை. உலகெங்கும் புற்றுநோய்ப் பிரிவுகளில் பயன்படும் மனவேதனை அளவுகோல்தான். ஒரு தெர்மாமீட்டர் படம் வரைந்து, கடந்த ஒரு வாரத்தை நினைத்து விரல் வைக்கச் சொல்வார்கள். 4 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவக் குழுவிடம் சொல்ல வேண்டும். எண்ணை அவர்தான் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பார்த்து ஊகித்துப் போடக் கூடாது. சிரித்துக்கொண்டே இருக்கும் பெண் 8 என்று விரல் வைப்பது சாதாரணமாக நடப்பது.

முதல் கீமோவுக்கு முன்

டாக்சோரூபிசின் இதயத் தசையைப் பாதிக்கக்கூடியது, அதனால் இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ எடுத்துவிட்டே தொடங்குவார்கள். சொத்தைப் பல் இருந்தால் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். கீமோவால் கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறைந்த பிறகு பல் பிடுங்குவது ஆபத்து.

குழந்தை வேண்டும் என்று நினைக்கும் வயதுப் பெண் என்றால், இந்தக் கட்டத்திலேயே கேட்டாக வேண்டும். கருமுட்டையையோ கருவையோ உறையவைக்க ஏறக்குறைய 2 வாரம் ஆகும். கீமோ தொடங்கிவிட்டால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் கைநழுவிவிடும். சினைப்பையைக் காக்க மாதம் ஒருமுறை போடும் கோசெரலின் ஊசியையும் முதல் கீமோவுக்கு ஒரு வாரமாவது முன்னதாகத் தொடங்க வேண்டும். 'உயிர் பிழைத்தால் போதும், குழந்தையைப் பற்றி இப்போது எதற்கு' என்று மாமியாரோ அம்மாவோ முடிவெடுத்துவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிசகு. கேள்வி அந்தப் பெண்ணிடம் போக வேண்டும். கணவர் பக்கத்தில் இருக்கட்டும், பதில் அவருடையதாக இருக்கட்டும்.

இன்னொன்று, அவருக்கே நோயின் பெயரைச் சொல்லியாயிற்றா? "அவகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டா" என்று கதவோரம் நின்று கேட்காத குடும்பம் குறைவு. ஆனால் அவரை அழைத்துப் போகும் கட்டடத்தின் வாசலிலேயே புற்றுநோய் மருத்துவமனை என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அவருக்குத் தெரியும். தெரிந்தது உங்களுக்குத் தெரிந்தால் உடைந்துபோவீர்கள் என்று அவர் மறைக்கிறார். இரு பக்கமும் நடிப்பதில்தான் பாதித் தெம்பு போகிறது. உடைப்பதற்கு நீண்ட பேச்சு தேவையில்லை. "டாக்டர் உனக்கு என்ன சொன்னாங்க? உனக்கு என்ன புரிஞ்சுது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் சொல்வதிலிருந்து தொடருங்கள். "இன்னும் தெரிஞ்சுக்கணுமா, இப்ப இது போதுமா?" என்பது அடுத்த கேள்வி. "போதும்" என்றால் அன்றைக்குப் போதும்தான்.

குழந்தைகளுக்கும் இதே சமயம் சொல்லிவிடுவது நல்லது. நோயின் பெயர், இது தொட்டால் ஒட்டாது, நீ சேட்டை செய்ததால் வந்ததில்லை, அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது உன்னைப் பள்ளிக்கு அனுப்புவது யார் என்ற நான்கும் போதும். நான்காவதுதான் குழந்தை மனசில் ஓடும் முதல் கேள்வி.

1-ம் நாள்

டாக்சோரூபிசின் சிவப்பாக இருக்கும். அடுத்த ஓரிரு நாள் சிறுநீரும் சிவக்கும். முன்பே சொல்லாவிட்டால் இரத்தம் போவதாக நினைத்து நடுங்கிவிடுவார். மருந்து ஏறும்போது ஊசி இடத்தில் எரிச்சலோ வீக்கமோ வந்தால் அந்த நொடியே நர்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள். இரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும் மருந்து இது. தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையை அரிக்கக்கூடியது. டாக்டர் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லாதவரை அன்றும் மறுநாளும் 2 முதல் 3 லிட்டர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். 48 மணிநேரத்துக்குக் கழிப்பறையில் இரண்டு முறை நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். வாந்தி பட்ட துணியைக் கையுறை போட்டு எடுத்துத் தனியாகத் துவையுங்கள்.

கீமோ நாளில் அவருக்கு மிகவும் பிடித்த உணவைக் கொடுக்காதீர்கள். ஆசையாகச் செய்துகொண்டு போன பிரியாணியும் வத்தக்குழம்பும் அன்றைய குமட்டலோடு மூளையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மாதக்கணக்கில் அந்த வாசமே ஆகாது. இட்லி, கஞ்சி மாதிரி எந்த நினைவும் இல்லாத உணவு போதும்.

2 முதல் 5-ம் நாள் வரை

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு கொடுப்பதுதான் மிகப் பொதுவான பிழை. சீட்டில் எழுதிய நேரத்துக்கு, குமட்டல் இல்லாவிட்டாலும் கொடுங்கள். வாந்திக்குத் தரும் ஒன்டான்செட்ரான் மலச்சிக்கலையும் தலைவலியையும் உண்டாக்கும். மூன்று நாள் மலம் போகாமல் இருந்தால் அதுவே குமட்டலைக் கூட்டும். நோட்டில் மலக்கணக்கு எழுதச் சொன்னது இதற்காக.

டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சீட்டில் இருந்தால் காலையிலும் மதியத்துக்கு முன்பும் கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாலையில் கொடுத்தால் இரவெல்லாம் கண் மூடாது. இந்த மாத்திரை ஓடும் நாட்களில் படபடப்பும் எரிச்சலும் கூடும். நிறுத்திய மறுநாளே மனசு தொப்பென்று விழும். நோட்டைப் புரட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் 4-ம், 5-ம் நாளில் மன எண் ஏறியிருப்பது கண்ணில் படும். அப்படியானால் அது மாத்திரையின் வேலை. அவரிடம் அதைக் காட்டுங்கள். 'அடுத்த வாரம் இறங்கிவிடும்' என்று அவருடைய கையெழுத்தே சொல்லும்போது வரும் தைரியம், நாம் ஆயிரம் முறை சொன்னாலும் வராது.

ஓலான்சபின் பற்றி ஒரு வார்த்தை. குமட்டலுக்கு நன்றாக வேலை செய்யும் மருந்து இது, இரவில் கொடுப்பார்கள். ஆனால் இணையத்தில் தேடினால் மனநோய்க்கான மாத்திரை என்று வரும். தனக்குத் தெரியாமல் 'பைத்தியத்துக்கு' மருந்து கொடுப்பதாக நினைத்து ரகசியமாகத் தூக்கி எறிபவர்கள் இருக்கிறார்கள். எதற்கு என்பதை அட்டையின் மேல் பேனாவால் எழுதிவிடுங்கள்.

சில பெண்களுக்கு மூன்றாவது, நான்காவது சுற்றில் ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே, ஏன், ஆட்டோ அந்தத் தெருவில் திரும்பினாலே வாந்தி வரும். நடிப்பு என்று சொல்லிவிடாதீர்கள். உடம்பு பழகிக்கொண்ட எதிர்வினை அது. முதல் சுற்றிலேயே வாந்தியை அடக்கிவிட்டால் பெரும்பாலும் இது வராது. வந்துவிட்டால் கீமோவுக்கு முந்தைய நாள் இரவே பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை தருவார்கள், தளர்வுப் பயிற்சியும் உதவும். மருந்துக்கடையில் நீங்களாக அல்பிரசோலாம் வாங்கிக் கொடுத்தால் பழக்கத்தில் கொண்டுபோய் விடும்.

உணவுக்கு ஒரு கணக்கு. சிகிச்சையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்று வைத்தால், 50 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 60 முதல் 75 கிராம். இரண்டு முட்டை 12, இரண்டு தம்ளர் பால் 13, 50 கிராம் பருப்பு 11, 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் செய்த சுண்டல் 10, மீன் 100 கிராம் 20. சேர்த்தால் 66. வெறும் ஜூஸும் இளநீரும் கொடுத்து 'நல்லா சாப்பிடறா' என்று திருப்திப்படும் வீடுகளில்தான் எடை சரிகிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, டாக்டரைக் கேளுங்கள். தாளிக்கும் வாசம் ஆகாதென்றால் அவர் படுத்திருக்கும் அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தாளியுங்கள், சூடு ஆறியபின் பரிமாறுங்கள்.

சமையலறையிலிருந்து அவரை முழுக்க வெளியேற்றிவிடாதீர்கள். அரிவாள்மனையும் அடுப்பும் வேண்டாம், சரி. ஆனால் இன்றைக்கு என்ன குழம்பு, மாவு எவ்வளவு ஊறப்போடுவது, பால்காரருக்கு எத்தனை நாள் கணக்கு என்பதெல்லாம் அவர் கையிலேயே இருக்கட்டும். இருபது வருடமாக நடத்திய வீட்டில் திடீரென்று விருந்தாளி ஆவதுதான் பல பெண்களைக் கீமோவைவிட அதிகமாக வாட்டுகிறது.

7 முதல் 14-ம் நாள் வரை: காய்ச்சல்

'கவுண்ட்', அதாவது இரத்தத்தில் வெள்ளணுவின் எண்ணிக்கை, இறங்கும் நாட்கள் இவை. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் அவசரம். டோலோ கொடுத்துக் காலை வரை பார்க்கலாம் என்பது உயிரைப் பணயம் வைப்பது. வெள்ளணு இல்லாத உடம்பில் கிருமி சில மணிநேரத்தில் இரத்தத்தில் பரவிவிடும். காய்ச்சல் மாத்திரை அந்த ஒரே எச்சரிக்கையையும் மூடிவிடும். செய்ய வேண்டியது:

1. அளந்த நேரத்தை நோட்டில் எழுதுங்கள். மாத்திரை கொடுக்காதீர்கள்.
2. அவசர எண்ணுக்குச் சொல்லிவிட்டு உடனே கிளம்புங்கள். சிகிச்சை பெறும் மருத்துவமனை தொலைவென்றால் பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு.
3. உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியம்: "கீமோ போட்டு 9 நாள் ஆகுது, காய்ச்சல் 101." வரிசையில் நிற்காதீர்கள். போய்ச் சேர்ந்த ஒரு மணிநேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும்.

குளிர் நடுக்கம் வந்து காய்ச்சல் காட்டாவிட்டாலும் இதேதான்.

வாய்ப்புண்ணுக்கு: ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா. நாளுக்கு 4 முதல் 6 முறை கொப்பளித்துத் துப்ப வேண்டும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். சாராயம் கலந்த மவுத்வாஷ் எரியும், வேண்டாம். புண்ணால் தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான்.

முடி முதல் கீமோவிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். தலையணையில் கொத்தாகப் பார்ப்பதுதான் பலரும் உடையும் இடம். 10-ம் நாள் வாக்கில் அவர் சம்மதித்தால் குட்டையாக வெட்டிவிடலாம், கொட்டும் அளவு கண்ணுக்குக் குறைவாகத் தெரியும். மொட்டை அடிப்பதென்றால் சவரக் கத்தி வேண்டாம், டிரிம்மர் போதும். கவுண்ட் குறைந்த நாளில் சிறு வெட்டும் சீழ் பிடிக்கும். எல்லா வீட்டுக்கும் ஒரே வழி கிடையாது. வேண்டுதல் முடியாக இறக்குவது ஒருவருக்கு நிம்மதி. இன்னொருவருக்கு மொட்டைத் தலை என்றாலே தாலியறுத்த பாட்டியின் நினைவு வரும். ஸ்கார்ஃபா, விக்கா, ஒன்றுமில்லாமலா என்பதை அவரே சொல்லட்டும்.

அதேபோலத் தாலி. எம்.ஆர்.ஐ.க்கும் அறுவை சிகிச்சைக்கும் உலோகத்தைக் கழற்றச் சொல்வார்கள். அந்தக் கதவருகே நர்ஸ் கேட்கும்போதுதான் முதல்முறையாகத் தெரிய வந்தால் அழுகை வெடிக்கும். முந்தைய நாளே ஒரு மஞ்சள் கயிற்றில் விரலிமஞ்சள் கோத்து வைத்துவிடுங்கள்.

மனச்சோர்வை எப்படிக் கண்டுபிடிப்பது

பசியின்மை, அசதி, தூக்கக் கெடுதல் மூன்றும் மனச்சோர்விலும் வரும், கீமோவிலும் வரும். அதனால் அவற்றை வைத்து முடிவு கட்ட முடியாது. மருந்தால் வராதவற்றைத் தேட வேண்டும். பேரன் வந்தால்கூட முகம் மலரவில்லையா? எதற்கும் தன்னையே குற்றம் சொல்கிறாரா? கவுண்ட் ஏறி உடம்பு தேறும் 15 முதல் 21-ம் நாள் வரையிலும் மன எண் இறங்காமல் நிற்கிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி என்றால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள். அவர் ஹீமோகுளோபின், தைராய்டு, கால்சியம் பார்ப்பார். அவை சரியென்றால் மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். 1954-ல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது.

மனச்சோர்வு மாத்திரை வேலை காட்ட 2 முதல் 4 வாரம் ஆகும். மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் மாத்திரை டமாக்சிஃபென் சாப்பிடுபவருக்கு ஃப்ளுவாக்செடினும் பராக்செடினும் கூடாது. டமாக்சிஃபென் உடம்பில் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதை அவை தடுக்கும். வென்லாஃபாக்சின் போன்ற மாற்று உண்டு, திடீரென்று உடம்பு தகிப்பதற்கும் அது உதவும். மனநல மருத்துவரிடம் புற்றுநோய் சீட்டைக் காட்டாமல் போவதால் நடக்கும் தவறு இது.

காதில் விழவேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு: "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்." அதோடு, "நான் போய்ச் சேர்ந்தா உங்களுக்கும் நிம்மதி." உடனே "அப்படியெல்லாம் பேசாதே" என்று அடைக்காதீர்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரைப் பெட்டியையும் கொட்டகையில் இருக்கும் பூச்சிமருந்தையும் பூட்டுங்கள், அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் டெலிமானஸ் 14416, தமிழக அரசின் 104, சென்னையில் 'ஸ்நேகா' 044-24640050.

"மனசைத் தைரியமா வெச்சுக்கோ" என்பது நல்லெண்ணத்தில் சொல்வதுதான். கேட்பவருக்கோ, பயப்படுவதே தப்பு என்று கேட்கிறது. "இன்னிக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பார்க்க வருபவர்களில் யாருக்கு இதே நோய் வந்து எப்படி இறந்தார் என்று கதை சொல்பவர் ஒருவராவது இருப்பார். வாசலில் தடுப்பதற்கென்றே வாய்த்துடுக்கான ஒரு அண்ணியையோ சித்தியையோ நியமித்துவிடுங்கள். கவுண்ட் குறைவு என்பது எப்போதும் எடுபடும் காரணம்.

அறுவை சிகிச்சை, 'கரண்ட்'

மார்பக அறுவைக்குப் பின் வைக்கும் வடிகுழாயில் 24 மணிநேரத்தில் வரும் நீரை அளந்து எழுதுங்கள். பொதுவாக 30 மில்லிக்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்தால் எடுப்பார்கள். தழும்பை முதலில் பார்க்கும் நாளை அவரே குறிக்கட்டும், நர்ஸ் பக்கத்தில் இருக்கட்டும். அறுவை நடந்த பக்கத்துக் கையில் இறுக்கமான வளையலும் மோதிரமும் வேண்டாம். இரண்டு கைகளின் சுற்றளவையும் முழங்கைக்கு மேலும் கீழும் ஒரே இடத்தில் மாதம் ஒருமுறை அளந்து, வித்தியாசம் 2 செ.மீ. கூடினால் உடனே காட்டுங்கள். நிணநீர் வீக்கத்தை ஆரம்பத்தில் பிடித்தால்தான் கட்டுப்படுத்த முடியும்.

முந்தானை இடத்தோளில் போவதால் வலப்பக்க மார்பு எடுத்தவருக்கு வித்தியாசம் அதிகம் தெரியும். முதல் ஆறு வாரம் பஞ்சில் செய்த மென்மையான பேட், புண் ஆறியபின் எடையுள்ள சிலிகான் செயற்கை மார்பு. எடை முக்கியம், இல்லாவிட்டால் தோள் ஒரு பக்கம் சாய்ந்து கழுத்து வலிக்கும்.

கதிர்வீச்சை ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். அந்தச் சொல்லாலேயே ஷாக் அடிக்குமோ என்று பயந்து வருகிறார்கள். மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை, ஏறும்போது வலிக்காது. வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்குவதுமில்லை. அன்று மாலையே குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சலாம். தோலில் போட்ட கோடுகளைத் தேய்த்து அழிக்காதீர்கள்.

கணவரிடம் மட்டும்

சிகிச்சையின்போது விருப்பம் இருந்தால் உறவு கொள்ளலாம், கவுண்ட் மிகக் குறைந்த நாட்கள் தவிர. கர்ப்பம் கட்டாயம் தவிர்க்க வேண்டும். மாதவிலக்கு நின்றுவிட்டது என்று நம்பி இருக்கக் கூடாது, கருத்தடை மாத்திரையும் கூடாது, ஆணுறையோ காப்பர்-டியோ. கீமோ பிறப்புறுப்பை வறளச் செய்யும், வலிக்கும். தண்ணீர் அடிப்படையிலான ஜெல்லி மருந்துக்கடையில் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் லேடெக்ஸ் ஆணுறையைக் கிழித்துவிடும். விருப்பம் இல்லையென்றால், பக்கத்தில் படுத்துக் கையைப் பிடித்துக்கொள்வதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஒட்டிவிடும் என்று நீங்கள் தள்ளிப் படுப்பதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார்.

பணம், பயணம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. விவரத்துக்கு 1800 425 3993. ரயிலில் சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் உரிய படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். இந்தக் கையெழுத்தை கீமோ நாளின் அவசரத்தில் விட்டுவிட்டுப் பிறகு அலைவதுதான் வழக்கம், அதனால் முதல் ஓ.பி. நாளிலேயே கேளுங்கள்.

கடைசிக் கீமோவுக்குப் பிறகு

கீமோ முடிந்ததைக் கொண்டாட ஆஸ்பத்திரியில் மணி அடித்துக் கேக் வெட்டிய மறுவாரம் அழுகை வரும். இத்தனை மாதம் வாரம்தோறும் பார்த்த டாக்டரும் நர்ஸும் இல்லை, வீட்டிலோ எல்லாம் முடிந்தது என்று பழைய வேலைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அசதி மாதக்கணக்கில் நீடிக்கும். தினமும் 10 நிமிட நடையில் தொடங்கி வாரத்துக்கு 150 நிமிடம் வரை கொண்டுபோனால் அசதி குறைகிறது. படுத்தே இருந்தால் கூடுகிறது. பாக்ளிடாக்சலால் வந்த விரல் மரமரப்பு மெதுவாகத்தான் போகும். அதுவரை கொதிக்கும் பாத்திரத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள், வெறுங்காலோடு நடக்கவும் விடாதீர்கள்.

முதல் மூன்று ஆண்டு பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு பரிசோதனை, ஆண்டுக்கு ஒரு மேமோகிராம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் முன்பே தூக்கம் கெடும். பரிசோதனைத் தேதியோடு ரிசல்ட் வாங்கும் தேதியையும் நோட்டில் குறித்துவிட்டு, அந்த இடைப்பட்ட நாட்களுக்கு மன எண்ணை மறுபடி எழுதத் தொடங்குங்கள்.